கட்டுப்பாட்டுப் புள்ளிகள்

திரையில் பூச்சியம்
மேலே, இடது மூலையில் இருக்கிறது.
கீழே போகப் போகத்தான் எண் ஏறும்.
இது தெரியாமல் முதல் வாரம் நான் வரைந்த வீடு
கூரையை ஊன்றித் தலைகீழாக நின்றது,
கதவு வானத்தில்.
டாக்டர் பிசூன் சிரிக்கவில்லை.
"நீ பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு திரைக்குத் தெரியாது"
என்றபடி பலகையை அழிக்கப் போனார்.

ரெதுவியில் அன்றும் மழை.
இரண்டாம் மாடி ஆய்வகத்தில் பன்னிரண்டு கணினி,
மூன்றுக்கு மவுஸ் வேலை செய்யாது.
ஆகவே இருவருக்கு ஒன்று,
பெயர்ப் பட்டியல் வரிசைப்படி.
வீரப்பேனுக்கு அடுத்தது வெர்தியே.
வேறு காரணம் ஒன்றுமில்லை,
லுடோவிக் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்கு.
விசைப்பலகையில் தால்பூரி எண்ணெய் அவனுடையது.

கொடுத்த வேலை சின்னதுதான்.
ஒரு சாளரம், ஒரு பெட்டி, ஒரு பட்டன்.
ரூபாய் போட்டு அழுத்தினால்
யூரோ வந்து நிற்கவேண்டும்.

நான்தான் வம்பை விலைக்கு வாங்கினேன்.
லேபிளில் தமிழும் இருக்கட்டும்,
நோட்டில் இருக்கிறதே, என்றேன்.
'நூறு ரூபாய்' என்று அடித்து ஓட்டினோம்.
நாலு வெற்றுக் கட்டம்,
பல் விழுந்த இடம்போல ஓர் இடைவெளி,
இன்னும் ஆறு கட்டம்.

எழுத்துரு தேடிப் போட்டோம்.
இப்போது ந வந்தது, வால் ஒட்டவில்லை.
வாலுக்கு முன்னால்
புள்ளிகளால் கோர்த்த ஒரு வட்டம்,
இங்கே யாரோ இருக்கவேண்டுமே என்று
காலி நாற்காலி போட்டு வைத்ததுபோல.

"லெஸ் தோம்பே, வீரப்பேன்.
விட்டுத்தள்ளு, ஆர் எஸ் போதும்"
என்று சொன்னவனே
கொஞ்ச நேரம் கழித்துப் பர்ஸைத் திறந்து
இருந்த ஒரே நூறு ரூபாயை எடுத்தான்.
திரை வெளிச்சத்தில் கட்டைவிரலால் நீவினான்.
"சொல், எங்கே ஆரம்பிக்கிறது?"

ஆறு வருஷம் தமிழ்ப் பரீட்சை எழுதியவள்.
'நூ' எங்கே ஆரம்பிக்கிறது என்று
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
நோட்டுப்புத்தகத்தில் எழுதிப் பார்த்தேன்.
கை சொன்னது.

பெஸியே வளைவுக்கு நாலு புள்ளி.
முதலும் கடைசியும் கோட்டின்மேல் இருக்கும்.
நடுவிலுள்ள இரண்டும் வெளியே நிற்கும்.
கோடு அவற்றைத் தொடாது,
தொடாமலே அந்தப் பக்கம் சாயும்.
இதை அவன் விளக்கினான்.
முன்பே புரிந்திருந்தும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

'நூ' ஒன்றுக்கே பதினேழு புள்ளி.
அவன் இழுக்க, நான் சொல்ல:
இன்னும் கொஞ்சம், இன்னும்,
போதும், ஐயோ தாண்டிவிட்டாய், திரும்பு.
'ய்' மேல் புள்ளியை மறந்தே போனான்.
வைக்கச் சொன்னேன்.
"ஒரு பிக்ஸல் போதுமா?"
போதாது. பார்க்கிறவர் கண்ணில் படவேண்டும்.

மதாம் சில்வெத் வாசலில் நின்று
சாவிக்கொத்தை ஆட்டினாள்.
அணைப்பதற்கு முன் ஒருமுறை ஓட்டினோம்.
எழுந்து நின்றது நூறு ரூபாய்,
சற்றே குண்டாக,
சாப்பிட்டு வந்ததுபோல.

இந்த நிரலுக்கு முடிவென்று ஒன்றில்லை.
சாளரம் திறந்தபின் அது செய்வதெல்லாம்
சுற்றிச் சுற்றி வந்து கேட்பது:
யாராவது அழுத்தினார்களா?
இல்லை.
இப்போது?
இல்லை.

ரோஸ் பெல் போகும் கடைசி பஸ்.
அவன் முழங்கைக்கும் என் முழங்கைக்கும் நடுவில்
என் பை.
கண்டக்டரிடம் அதே நோட்டை நீட்டினான்.
பார்க்காமல் மடித்துப் போட்டுக்கொண்டு
ஈரச் சில்லறையாகத் திருப்பித் தந்தார்.

இருபதுக்குப் பதினாலு.
ஓரத்தில் சிவப்பு மை:
பட்டன் மூன்று பிக்ஸல் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது.
தமிழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"சரியாக இருப்பதைப் பற்றி யார் எழுதுவார்கள்?"
என்றான் லுடோவிக்.

மூன்று பிக்ஸல்.
வலப்பக்கம் உட்கார்ந்திருந்தது அவன்.
திருத்த ஒரு நிமிஷம் ஆகாது.
அந்தக் கோப்பு இன்னும்
அப்படியே இருக்கிறது.